கீழே இருந்த கோடு

என்ன வேலை பார்க்கிறாய் என்று நீங்கள் கேட்டதும் கொஞ்சம் தயங்கினேன் இல்லையா, மறைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். சொன்னால் யாருக்கும் புரிவதில்லை, அவ்வளவுதான். நான் ஏதோ கால் சென்டரில் இருப்பதாகத்தான் என் சித்தி இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் திருத்துவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற பழக்கமும் எனக்குக் கிடையாது. இன்றைக்கு என்னவோ பேச வருகிறது. கரூர் வரைக்கும் நேரம் இருக்கிறது, கேட்கிறீர்களா?

உங்களுக்கு ஏதோ ஒன்று வேண்டும், கூகுளில் தேடுகிறீர்கள். வரிசையாகப் பத்துப் பேர் வருவார்கள். நீங்கள் முதல் இரண்டு மூன்று பேரைத்தான் பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான். பதினொன்றாவது ஆள் இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்தப் பதினொன்றாவது ஆளை மேலே கொண்டு வருவதுதான் என் வேலை. எஸ்.ஈ.ஓ. என்பார்கள். திருச்சி தில்லைநகரில் ஒரு மாடியில் ஆபீஸ், கீழே பல் ஆஸ்பத்திரி. மொத்தம் ஆறு பேர். முதலாளி குணசீலன் சார். அவருக்கு அடுத்தபடி பிரிட்டோ அண்ணன்.

பிரிட்டோ அண்ணன் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தவர். "ஆடித் தள்ளுபடி, அம்மாமார்களே" என்று தெருத்தெருவாக. நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜம். ஒரு கடைக்கு இணையப் பக்கம் எழுதினால் முதலில் அதைச் சத்தமாக வாசிப்பார். ஆபீஸ் முழுக்கக் கேட்கும். "ம்ஹூம், இந்த வரிக்கு எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்" என்று அடித்துவிடுவார். தலைப்பை மாற்றுவார், போட்டோவை மாற்றுவார், ஒரு வார்த்தையைத் தூக்கிக் கீழே போடுவார், ஐந்தாறு வேலையை ஒரே மதியத்தில் செய்வார். பக்கம் மேலே வந்துவிடும். பெரும்பாலும் வந்துவிடும்.

"இதுல எதுண்ணா வேலை செஞ்சுச்சு?" என்று கேட்பேன்.

"மேல வந்துடுச்சுல்ல பாப்பா, விடு. கொழம்பு நல்லா இருந்தா எந்த மொளகாய்னா கேப்ப?"

அந்தப் பேச்சுதான் எனக்குப் பிடிக்காது. நான் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தவள். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, பிறகு பார். அப்படிப் பார்க்காமல் 'தெரியும்' என்று சொல்லக் கூடாது. பிரிட்டோ அண்ணன் எதற்கெடுத்தாலும் 'தெரியும் பாப்பா' என்பார். எப்படித் தெரியும் என்றால் சிரிப்பார். இது கைப்பக்குவமாம், கணக்கில் வராதாம். இரண்டு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தேன். மறுத்துப் பேசியதில்லை.

ஆடி மாதம் வேலை குறைவு. ஒருநாள் டீ நேரத்தில் அதே பேச்சு வந்தது. எனக்கே தெரியாமல் சொல்லிவிட்டேன், "இது விஞ்ஞானம்ணா. சரியா சோதிச்சா யாரு செஞ்சாலும் ஒரே விடைதான் வரும்." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு டம்ளரையே பார்த்தேன். குணசீலன் சார் மட்டும், "அட, சுகிர்தா பேசுதே! நிரூபிச்சுக் காட்டும்மா. அப்புறம் நம்ம நோட்டீஸ்ல விஞ்ஞான முறைன்னே போட்டுக்கலாம்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனேன். சந்தோஷத்தில்.

ஆவணியிலேயே இரண்டு பேர் எங்களிடம் வந்து சேர்ந்தது என் அதிர்ஷ்டம் என்றுதான் அப்போது நினைத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே தொழில். வளைகாப்புக்கு ஏழு வகைச் சாதம் செய்து கொடுப்பது. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், மாங்காய், புதினா, சர்க்கரைப் பொங்கல். ஹாட் பாக்ஸில் வைத்து வீட்டுக்கே அனுப்புவார்கள். ஒருவர் கே.கே. நகர் லலிதா அக்கா, இன்னொருவர் உறையூர் செல்வராணி அக்கா. இரண்டு பேருக்கும் இணையப் பக்கம் செய்து கொடுத்தது ஒரே ஆள். சொல்லப்போனால் ஒன்றைச் செய்து, பெயரை மட்டும் மாற்றி இன்னொருவருக்குக் கொடுத்திருந்தார். இரண்டிலும் மேலே 'சீமந்த விருந்து' என்று ஒரே தலைப்பு. எங்கள் பாடப் புத்தகத்தில்கூட இவ்வளவு பொருத்தமான ஜோடி கிடையாது.

பிரிட்டோ அண்ணன் பார்த்ததுமே, "சீமந்த விருந்துன்னு திருச்சியில எவ தேடுவா? வளைகாப்பு சாதம்னுதான் தட்டுவா. ரெண்டையும் மாத்து பாப்பா" என்றார்.

"ஒன்ன மட்டும் மாத்துறேண்ணா. இன்னொன்ன மூணு மாசம் தொடாம வெச்சுப் பாப்போம்."

"எதுக்கு? அதான் தெரியுதே."

தெரிவது வேறு, நிரூபிப்பது வேறு. இதை அவருக்கு எப்படிச் சொல்வது? குணசீலன் சார் சரி என்று சொல்லியிருந்தார், அது போதும்.

யாரை மாற்றுவது, யாரைத் தொடாமல் விடுவது என்பதை நான் முடிவு செய்யவில்லை. இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆள் பார்த்து நான் எதுவும் செய்யவில்லை. ஒரு ஐந்து ரூபாய்க் காசைச் சுண்டினேன். பூ விழுந்தால் லலிதா பக்கத்தை மாற்றுவது, தலை விழுந்தால் செல்வராணி பக்கத்தை என்று முதலிலேயே நோட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் சுண்டினேன். பூ விழுந்தது.

செல்வராணி அக்கா லேடீஸ் ஹாஸ்டல் ஒன்றில் ஒன்பது வருஷம் சமைத்தவர். அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மகள் தாரணி பிளஸ் ஒன், உறையூரில் பெண்கள் பள்ளிக்கூடம். முதல் தடவை ஆபீசுக்கு வந்தபோதே எல்லாம் சொல்லிவிட்டார். சேலை முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு பேசுவார். முழங்கை வரைக்கும் பழைய எண்ணெய்த் தழும்புகள்.

"கார்த்திகை முடியறதுக்குள்ள ஆர்டர் ஓடணும்மா. இல்லன்னா எல்லாத்தையும் கட்டிட்டு வந்துடுன்னு அவரு சொல்லிட்டாரு. நான் எங்க வேணா இருந்துக்குவேன். இவ படிப்புதான். நடுவுல எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பாங்க, சொல்லு?"

நான் நோட்டில் குறித்துக்கொண்டேன், காலக்கெடு கார்த்திகை என்று. ஆவணி கடைசியில் தொடங்கினால் சரியாக மூன்று மாதம். சோதனைக்கும் அதுதான் தேவைப்பட்டது.

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பின்னால் பிரிட்டோ அண்ணனும் கேட்டார். சொன்னால் சோதனை கெட்டுப்போகும். சொன்னால் அவர் சும்மா இருப்பாரா? வேறு ஆளிடம் போவார், நோட்டீஸ் அடிப்பார். அப்புறம் அது தொடாத பக்கம் ஆகாது. இது நான் கண்டுபிடித்த விதி இல்லை.

சிரமம் என்னவென்றால், அவர் தினமும் போன் செய்தார்.

காலையில் விளக்கேற்றிவிட்டு, தன் போனில் 'செல்வராணி சீமந்த விருந்து' என்று தேடிப் பார்ப்பார். அவருடைய பக்கம்தான் முதலில் வரும். தினமும் அதையே திறந்து திறந்து பார்த்தால் அந்த போன் அதைத்தானே மேலே காட்டும்? அதுவும் தன் பெயரையே போட்டுத் தேடினால்? ஊரில் வேறு யாருக்கும் அப்படி வராது. நாங்கள் இந்தத் தொழிலில் முதல் நாளே கற்றுக்கொள்வது இது. சொந்த போனில் பார்க்காதே. ஆனால் வாடிக்கையாளர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள்.

"சுகிர்தாம்மா, இன்னிக்கும் நாந்தான் மொதல்ல!"

"சரிக்கா."

"லலிதான்னு ஒரு பொம்பள, கே.கே. நகர், அவளெல்லாம் எனக்குக் கீழ!"

"நல்லதுக்கா."

அவ்வளவுதான் நான் பேசினது. பொய் ஒன்றும் சொல்லவில்லை. புரட்டாசி முழுக்க இப்படி. ஐப்பசியில் குரல் கொஞ்சம் இறங்கியது. "மொதல்லதாம்மா வருது, ஆனா ஒருத்தரும் கூப்பிடலயே" என்றார். "பேரு ராசியில்லையோ? சாதம் போட்டோ நல்லா இல்லையோ? புளிசாதம் கறுப்பாத் தெரியுதோ?" என்று அவராகவே ஏதாவது சொல்லிக்கொள்வார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரே ஒரு நாள்தான் அவரிடம் கறாராகப் பேசினேன். "சொந்தக்காரங்க ஒரு இருபது பேரைத் தினமும் என் பக்கத்தத் தட்டிவிடச் சொல்லவாம்மா?" என்று கேட்டார். "அதெல்லாம் செய்யவே கூடாதுக்கா" என்றேன். எண்ணிக்கை கெட்டுவிடும் இல்லையா? "சரிம்மா, சரிம்மா, நீ சொன்னா சரி" என்று உடனே வைத்துவிட்டார். நான் அதட்டினதாக நினைத்திருப்பார். எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது.

மார்கழி முதல் வாரம் ஆபீஸ் சுவரில் படம் போட்டுக் காட்டினேன். இரண்டு கோடுகள். மேலே ஏறிப்போகிற நீலக் கோடு லலிதா அக்கா, மூன்று மாதத்தில் அறுபத்தொரு போன். கீழே தரையோடு தரையாக ஒரு சாம்பல் கோடு, நான்கு போன், அதில் இரண்டு ராங் நம்பர். எவ்வளவு தெளிவாக இருந்தது தெரியுமா! ஒரே ஒரு தலைப்பு, இரண்டே வார்த்தை, வேறு எதையும் தொடவில்லை. குணசீலன் சார் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். எனக்கு யாரும் அதற்கு முன்னால் கை தட்டினது கிடையாது.

பிரிட்டோ அண்ணன் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ இருக்கறது யாரு பாப்பா?"

"அது கன்ட்ரோல்ணா. ஒப்பிட்டுப் பாக்க."

"கன்ட்ரோலுக்குப் பேரு இருக்கும்ல?"

சொன்னேன்.

ஆட்டோவில் அத்தனை வருஷம் கத்தின மனுஷன் நேரே தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் செல்வராணி அக்காவின் பக்கத்தைப் புரட்டிப் போட்டுவிட்டார். தலைப்பு, போட்டோ, வரி, எல்லாம். எதை எதை மாற்றினார் என்று ஒரு சீட்டில்கூட எழுதி வைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அழுகைதான் வந்தது. அடுத்த கட்டத்தில் நானே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதாக இருந்தேன். எல்லாம் போயிற்று.

அதற்குள் செல்வராணி அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருப்பூர் போயிருந்தார். கார்த்திகை கடைசி ஞாயிற்றுக்கிழமை. அது எனக்குத் தெரியும். அண்டா குண்டாவை வண்டியில் ஏற்றும்போதே எனக்கு போன் செய்தார். "வரேம்மா. உனக்குத்தான் ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்" என்றார்.

அதற்கப்புறம் பிரிட்டோ அண்ணன் என்னைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். போன வாரம் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "திருப்பூருக்குப் போய்ட்டு வா, சுகிர்தா. நீயே போய்ச் சொல்லு."

"என்னண்ணா சொல்றது?"

"நடந்தத."

அதனால்தான் இன்றைக்குப் போனேன். சொல்ல வேண்டும் என்றுதான் போனேன்.

லைன் வீடு. வரிசையாக எட்டு வீடு, கடைசி வீடு அவர்களுடையது. ஒரே அறை. ஹாட் பாக்ஸ் ஏழும் கட்டிலுக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. அக்கா கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறார். பனியனைத் திருப்பித் திருப்பி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. "நாள் பூரா நின்னுட்டே இருக்கணும், அதான் கால் வீக்கம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் அப்படி மலர்ந்துபோயிற்று. யாரும் தேடி வரவே இல்லையாம் இதுவரைக்கும்.

வருவதாகப் போனில் சொல்லியிருந்ததால் எனக்காகப் புளிசாதம் செய்திருந்தார். இலை போட்டுப் பரிமாறினார். எனக்கு இறங்கவில்லை.

தாரணி சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. ஜூன் மாதம் பார்க்கலாம் என்கிறார்களாம், அதுவும் முதலிலிருந்து பிளஸ் ஒன். அந்த வரிசையில் எல்லோரும் கம்பெனிக்குப் போகிறார்கள், அவளையும் கூப்பிடுகிறார்களாம். அதிகம் பேசாத பெண். என்னை மாதிரி. என் இலையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கேட்டாள்.

"அக்கா, அம்மா போன்லதான் நாங்க மொதல்ல வந்தோம். என் போன்ல அப்ப வரவே இல்லயே. அது ஏங்க்கா?"

நான் சொல்வதற்குச் சரியான இடம் அதுதான். எனக்குத் தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"உன் போன் பழசுடி" என்றார் அக்கா. "கண்ணாடி ஒடஞ்ச போன்ல என்ன வரும்? வீட்டுக்கு வந்த பொண்ணச் சாப்பிட விடு."

தாரணி என்னையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவள் பார்வை அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

அப்போது அக்காவின் போன் அடித்தது.

"ஆமாங்க, செல்வராணிதான். வளைகாப்பா? எத்தனாவது மாசம்ங்க? ஏழா? எத்தன பேரு? நாப்பதா... மாங்கா சாதம் வேணும்ங்களா, பொண்ணு ஆசப்படுதா?" குரல் எப்படி மாறிவிட்டது தெரியுமா! எழுந்து நின்றுகொண்டுவிட்டார். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். ஒரு நிமிஷம் முழுக்க ஆர்டர் எடுத்தார். அப்புறம்தான் ஞாபகம் வந்த மாதிரி நின்றார். "இல்லீங்க... நான் இப்ப திருச்சியில இல்லீங்க. திருப்பூருங்க. இல்லீங்க, இப்ப செய்யறதில்ல. நல்லபடியா நடக்கட்டும்ங்க."

வைத்துவிட்டுச் சிரித்தார். "பாத்தியாம்மா, இந்த வாரத்துல இது ஆறாவது. இப்பத்தான் வராங்க. கம்பெனியில போன வாங்கி வெச்சுக்குவாங்க, சாயங்காலம் எடுத்துப் பாத்தா இன்னும் மிஸ்டு காலா கெடக்கும். நாந்தான் அவசரப்பட்டுட்டேன். உன் வேல சரியாத்தாம்மா இருந்துச்சு. இன்னும் ஒரு ரெண்டு மாசம் பொறுத்திருக்கணும் நானு."

"ஆமாக்கா" என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல? வாயில் அதுதான் வந்தது.

வெளியே வந்து தெருமுனையில் நின்று நோட்டை எடுத்துக் குறித்தேன். பன்னிரண்டு நாற்பது, ஒரு போன், நாற்பது பேர். பழக்கம். குறித்த பிறகுதான் தோன்றியது, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தை பிறந்து முகூர்த்தம் தொடங்கியதால் வருகிற போனா, பிரிட்டோ அண்ணன் மாற்றியதால் வருகிற போனா? மாற்றினதிலும் தலைப்பாலா, போட்டோவாலா? யாருக்கும் தெரியாது. இனிமேல் தெரிந்துகொள்ளவும் முடியாது.

அதைவிட ஒன்று சொல்கிறேன், இதை நான் குணசீலன் சாரிடம்கூடச் சொல்லவில்லை. நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது, என் இரண்டு கோடும் அதில் இருக்கிறது. மேலே 'விஞ்ஞான முறையில்' என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. லலிதா அக்கா கெட்டிக்காரியாக இருந்திருக்கலாம். கே.கே. நகரில் அந்த வருஷம் பிள்ளைப்பேறு அதிகமாக இருந்திருக்கலாம். முதல் வருஷ மாணவிகூடக் கண்டுபிடித்துவிடுவாள். எனக்கு ஆடியிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்கலாம். கை தட்டினார்களே என்று இருந்துவிட்டேன். ஆக, கைப்பக்குவமா விஞ்ஞானமா என்றால், இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டைக் காலி செய்ததுதான் மிச்சம்.

நீங்களே சொல்லுங்கள், என்மேல் என்ன தப்பு? நான் கெடுதல் எதுவும் செய்யவில்லை. நான் எதுவுமே செய்யவில்லை, அதுதானே விஷயம்.

சரியாகச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. குறைந்தது முப்பது பேர் வேண்டும். பதினைந்து இந்தப் பக்கம், பதினைந்து அந்தப் பக்கம். அப்போதுதான் ஒரு முடிவுக்கு வர முடியும், அப்போதுதான் பிரிட்டோ அண்ணனால் வாயைத் திறக்க முடியாது. முப்பது சின்னக் கடைகள் கிடைக்க வேண்டும், ஒரே மாதிரியாக. அதற்குத்தான் இப்போது ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன சொன்னீர்கள்? உங்கள் மருமகளா? கரூரில் ஆரி வேலை செய்து பிளவுஸ் தைக்கிற கடையா? புதிதாகவா? இணையத்தில் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளா?

கடை பெயர் என்ன?

ஏன், பையை எடுத்துவிட்டீர்கள்? இப்போதுதான் வெள்ளக்கோவில் தாண்டியிருக்கிறோம். கரூர் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்.

ஓ. முன்னால் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிறதா. சரி. இருங்கள், காலை நகர்த்திக்கொள்கிறேன்.